மூன்று முட்டையின் வெள்ளை

அங்கப்பனின் வலது கால் அன்று காலை முழங்காலுக்குக் கீழே முறிந்து தனியாக வந்துவிட்டது. ரத்தம் வரவில்லை. லாரி பாடி கட்டும் பட்டறையில் பின்கதவு மேலே சாய்ந்திருக்கிறது. அவன் காலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான். பஸ்ஸில் எவனும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

கட்டு வைத்தியர் ராக்கியண்ணன் வந்து இரண்டு பக்கத்தையும் பொருத்திப் பார்த்தார்.

“சுத்தமான முறிவுங்க. ஒரு கைப்பிடி உளுத்தமாவு, நாலு மூங்கில் தப்பை, மூணு முட்டையோட வெள்ளக்கரு. குழைச்சுப் போட்டா ஒட்டிக்கும்.”

“எத்தன நேரம் தாங்குமுங்க?” என்று கேட்டாள் அங்கப்பனின் மனைவி பாவாயி.

“அஞ்சு மணி வரைக்கும். அதுக்கு மேல போனா கால் தனியா இருந்து பழகிடுமுங்க. பழகிட்டா அப்புறம் கூப்பிட்டாலும் வராது.”

உளுத்தமாவு வீட்டில் இருந்தது. தப்பை வைத்தியரிடம் இருந்தது. வெள்ளைக்கரு மட்டும் இல்லை. அந்த ஊரில் யார் வீட்டிலும் இல்லை. வெள்ளைக்கரு முழுவதும் வெள்ளைக்கரு வாரியத்துக்குச் சொந்தம். கடையில் விற்கும் முட்டையில் வெள்ளையை உருவிவிட்டு ஓட்டை மறுபடி ஒட்டியிருப்பார்கள். ஆட்டினால் மஞ்சள் உள்ளே லொடலொடவென்று உருளும். ஊரே காலையும் மாலையும் மஞ்சளைத் தின்றது. சரி, சொந்தமாக ஒரு கோழி வளர்க்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. கோழிகள் வாரியத்தின் நிரந்தரப் பணியாளர்கள். பத்திலிருந்து ஐந்து வரை மட்டுமே முட்டையிடும். சாப்பாட்டு வேளையில் பாதி வந்த முட்டையைக்கூட நிறுத்தி வைத்துவிடும்.

பாவாயிக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. அந்த வெள்ளையைப் பிரித்துக் கொடுப்பவளே அவள்தான். இருபத்திரண்டு வருஷமாக வாரியத்தில் முட்டை உடைக்கும் மேசையில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு நாலாயிரம் முட்டை. ஒரு தட்டு, ஒரு விரிப்பு. வெள்ளை விரலிடுக்கு வழியாகக் கீழே தொட்டிக்குப் போகும், மஞ்சள் உள்ளங்கையில் நிற்கும். அந்த வெள்ளை எங்கெங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். சுண்ணாம்போடு குழைத்து அலுவலகச் சுவரில் பூசுகிறார்கள். கோப்பு ஒட்டுகிறார்கள். செருப்புக்கு மினுமினுப்பு ஏற்றுகிறார்கள். கலங்கிய கஷாயத்தைத் தெளிய வைக்கிறார்கள். தண்டால் எடுக்கிற தடியர்களுக்கு டம்ளர் டம்ளராக ஊற்றுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரிகள் தினமும் நாலு மணிக்கு முகத்தில் பூசிக்கொள்கிறார்கள். இத்தனை பேர் மூஞ்சிக்கும் சுவருக்கும் போனது போக, அவளுக்கு ஒரு சொட்டு கிடைத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நாள் இன்றைக்குத்தான் வந்தது.

கைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஒயர் கூடையில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினாள். பாதம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“நகம் வெட்டாமக் கெடக்குதே. அங்கெல்லாம் கூட்டிட்டுப் போறியே புள்ள” என்றான் அங்கப்பன் கட்டிலில் கிடந்தபடி.

“அவனுங்க மூஞ்சிக்கு இது போதும்.”

வாரியத்தின் சுவர்கள் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தன. வாசலில் இரண்டு பலகைகள் இருந்தன. சத்தம் போடாதீர், சுவர் விரிசல் விடும் என்றது ஒன்று. மனதுக்குள்ளும் போடாதீர் என்றது அடுத்தது.

முகப்பில் மோகனாம்பாள் என்கிற எழுத்தர் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் வெள்ளைக்கரு காய்ந்து இறுகியிருந்தது. அதில் விரிசல் விட்டால் பதவி உயர்வு போய்விடும். ஆகவே உதட்டைப் பிரிக்காமல் பேசினாள்.

“கூடைல யாருங்க?”

“எங்க வீட்டுக்காரரோட காலுங்க.”

“அவருக்கும் டோக்கன் போட்டிருக்கேன்.”

பாவாயிக்கு அறுநூற்றுப் பதினொன்று. காலுக்கு மூன்று.

மூன்றாம் எண்ணை உடனே கூப்பிட்டார்கள். மோகனாம்பாள் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பாவாயி அதில் உட்காரப் போனாள்.

“அவருக்குங்க” என்றாள் மோகனாம்பாள்.

கால் நாற்காலியில் அமர்ந்தது. அதற்கு டீ வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கட்டிடத்தில் நின்றபடியே வேலை செய்கிற பாவாயி இப்போதும் நின்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“என்ன உபயோகத்துக்குங்க?”

“கால் ஒட்டறதுக்கு. மூணு முட்டையோட வெள்ள.”

மோகனாம்பாள் ஒரு பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். வெள்ளைக்கருவின் அனுமதிக்கப்பட்ட உபயோகங்கள், மொத்தம் அறுபத்து நான்கு. முதல் வரியே ‘எலும்பு ஒட்ட’ என்றுதான் இருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

“இத ஏன் அடிச்சிருக்குது?”

“எலும்பு ஆளுக்குள்ள இருக்குதுங்க. ஆய்வுக்கு வந்தவங்க கண்ணுக்குத் தெரியல.”

“இதோ வெளிய வந்து உக்காந்திருக்குதே. பாருங்க.”

மோகனாம்பாள் நாற்காலியைப் பார்த்தாள்.

“வெளிய வந்துட்டா அது எலும்பு இல்லீங்க. விண்ணப்பதாரர்.”

பாவாயி பல்லைக் கடித்தாள். அருகில் இருந்த சுவர் லேசாக முனகியது. மோகனாம்பாள் அவசரமாகக் குரலைத் தணித்தாள்.

“ஒரு வழி இருக்குதுக்கா. உங்க வீட்டுக்காரர சுவர்னு எழுதிக் குடுத்துருங்க. பத்து நிமிசத்துல வெள்ளக்கரு கையில. வருசத்துக்கு ஒருக்கா சுண்ணாம்பு அடிக்க ஆள் வரும். அவரு வடக்கப் பாத்து நிக்கணும். நீங்க அவருகிட்டப் பேசக் கூடாது, சாய்ஞ்சுக்கலாம்.”

“அவரு மனுசன்.”

“மனுசன்னு அறுபத்து நாலுல எங்கியும் இல்லீங்களே. மூஞ்சி இருக்குது. மூஞ்சின்னு போட்டுக்கட்டுங்களா?”

“மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. காலுதான் ஒடிஞ்சு கெடக்குது.”

“அப்பக் கண்காணிப்பாளரப் பாருங்க. நடைபாதைக் கடைசில. விண்ணப்பதாரர் இங்கியே இருக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்.”

நடைபாதை முதலில் பன்னிரண்டு எட்டுதான் இருந்தது. தினமும் பூசப் பூச நீண்டுவிட்டது. பாவாயி நடந்தாள். சுவருக்குள் அவளுடைய உருவம் இரண்டு எட்டு பின்னால் வந்தது. ஒரு மணிக்கு நடக்க ஆரம்பித்தவள் ஒன்றரைக்குப் பாதி தூரத்தில் இருந்தாள். அங்கே ஒருவர் நின்றிருந்தார். காத்திருந்த நாட்களில் அவர்மேலும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். இடது பக்கம் சுவருக்குள் போய்விட்டது, வலது பக்கம் மட்டும் பாக்கி.

“இழுத்து விடட்டுங்களா?” என்றாள் பாவாயி.

“வேண்டாங்க. இந்தப் பக்கம் குளுகுளுன்னு இருக்குது. நேராப் போங்க.”

அவளுக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஒரு மனுஷன் இப்படியா பாதியைக் கொடுத்துவிட்டு நிற்பான்.

கண்காணிப்பாளர் வையாபுரியின் முகத்தில் ஏழு பூச்சு இருந்தது. கண்ணைத் திறக்க மட்டும் ஓட்டை விட்டிருந்தார்.

“யாரு?”

“பாவாயிங்க. இங்கதான் முட்ட உடைக்கறேன். இருவத்திரண்டு வருசமா.”

“எந்தக் கை?”

பாவாயி வலது கையை நீட்டினாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்துப் பதிவேட்டில் தேடினார். கண்டுபிடித்தார்.

“கை பணியில இருக்குது. நல்ல கை. புகார் எதுவும் இல்ல. மத்தபடி நீங்க யாருன்னு பதிவுல இல்லியே.”

“கையோட சேந்து வந்தவதாங்க நான்.”

“அப்படின்னு கை எழுதிக் குடுக்கணும். ஆனா கை இன்னிக்கு லீவு.”

பாவாயி அவரையே பார்த்தாள். இவர் நேற்று நாலு மணிக்குப் பூசிய வெள்ளைகூட அவள் விரலிடுக்கு வழியாக இறங்கியதுதான். அந்த வெள்ளைக்குப் பின்னால் இருந்து இந்த ஆள் நீ யார் என்று கேட்கிறான்.

திரும்பி வந்தபோது மணி மூன்றரை. கால் நாற்காலியில் இல்லை. பதிவறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கால் தேவைப்பட்டதாம். நியமித்துவிட்டார்கள். கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்ற அங்கப்பனின் காலுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை வைத்திருந்தது. யாரோ நகம்கூட வெட்டி விட்டிருந்தார்கள்.

“அஞ்சு மணிக்குப் பணி நிரந்தரம் ஆயிருமுங்க” என்றாள் மோகனாம்பாள். “விண்ணப்பதாரருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

பாவாயி கிட்டே போனாள். கால் மெல்லக் குதிகாலை அவள் பக்கம் திருப்பிக்கொண்டது.

இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரிந்த கால் அது. கணுக்காலில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு எத்தனை என்று கேட்டால் சொல்லுவாள். மழை நாளில் அது குடைச்சல் எடுக்கும்போது எண்ணெய் போட்டு நீவி விட்டிருக்கிறாள். அது இப்போது குதிகாலைக் காட்டுகிறது. அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வந்த கோபம் வழக்கம்போல் இறங்கிப் போகாமல் அப்படியே நின்றது.

அவள் நேராக முட்டை உடைக்கும் கூடத்துக்குப் போனாள். பக்கத்து மேசைக்காரி அத்தாயி நிமிர்ந்தாள்.

“லீவுன்னியேக்கா?”

“கைக்கு லீவு முடிஞ்சுபோச்சு.”

நாலு மணிப் பூச்சுக்கான வெள்ளை ஐந்து தொட்டிகளில் கண்ணாடியாக நின்றது. முட்டை உடைக்கிறவர்களுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. தொட்டியில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்துவிட்டால் அத்தனையும் போச்சு. எத்தனை அடித்தாலும் நுரை எழும்பாது, பூசினால் இறுகாது. அதனால் கையில் மஞ்சள் உடைகிற மாதிரி தெரிந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசையை விட்டு ஓடுவார்கள். அத்தாயி ஒருமுறை அப்படி ஓடித் தெருவுக்கே போய்விட்டாள்.

பாவாயி முதல் தொட்டிக்கு மேலே ஒரு முட்டையைத் தட்டினாள். வெள்ளை இறங்கியது. மஞ்சள் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அவள் கையை மூடினாள்.

“அக்கா!” என்றாள் அத்தாயி, சுவருக்குப் பயந்து சத்தமில்லாமல்.

“கை தவறிப்போச்சு.”

“உன்ற கை தவறாதேக்கா.”

“இன்னிக்குத் தவறுது.”

இரண்டாவது தொட்டியிலும் தவறியது. மூன்றாவதில் இரண்டு முட்டைக்குத் தவறியது. நாலாவதில் அவள் மேசையில் இருந்த மஞ்சள் கிண்ணத்தையே கவிழ்த்தாள். ஐந்தாவதில் கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கை இத்தனை சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை.

நாலு மணிக்கு மணி அடித்தது. பூச்சு வரவில்லை.

நாலு பத்துக்கு முதல் முகம் விரிசல் விட்டது. மோகனாம்பாள் ஒன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த தும்மலைத் தும்மினாள். அடுத்த மேசைக்காரர் பழைய மேலதிகாரி என்றைக்கோ சொன்ன நகைச்சுவைக்கு இப்போது சிரித்தார். நிறுத்த முடியவில்லை. ஒருவர் தன் அம்மா சாவுக்கு விடாத கண்ணீரை விட்டார். முகங்கள் சடசடவென்று உரிந்து மேசைமேல் விழுந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் அதைக் கோப்புக்குள் திணித்தார்கள்.

வையாபுரி தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தார். ஏழு பூச்சும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

“ஒரு டம்ளர் வெள்ளையாவது உடைச்சுக் குடு தாயி! எம்பட மூஞ்சி வெளிய வருது!”

“மூணு” என்றாள் பாவாயி.

“என்னது மூணு?”

“மூணு முட்டையோட வெள்ள எனக்கு வேணும். எலும்பு ஒட்டறதுக்குன்னு எழுதணும். சுவர்னு இல்ல, மூஞ்சின்னு இல்ல. எலும்பு. அந்தச் செவப்புக் கோட்டை அழிச்சுட்டு எழுதணும்.”

கடைசிப் பூச்சு கீழே விழுந்தது. வையாபுரியின் முகத்தில் ஓர் ஆச்சரியம் பரவியது. உண்மையான ஆச்சரியம். நடிப்பே இல்லை.

“மூணுதானா? இத நீ காலைலயே சொல்லியிருக்கக் கூடாதா?”

பாவாயி வாயைத் திறந்தாள்.

“காலைல இருந்து வேற என்னத்தடா சொல்லிட்டு இருக்கறேன், எளவெடுத்தவனே!”

கூடத்துச் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்தது. பிளவு வாசல் வரைக்கும் ஓடியது. இருபத்திரண்டு வருஷப் பூச்சும் பாளம் பாளமாக இறங்கியது. நடைபாதை சரிந்து மறுபடி பன்னிரண்டு எட்டு ஆனது. சுவருக்குள் இருந்தவரின் இடது பக்கம் வெளியே வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு அவளைத் திட்டியது. பாவாயி திரும்பித் திட்டினாள். அந்த ஆளுக்கென்று மத்தியானத்திலிருந்தே கொஞ்சம் திட்டு சேர்த்து வைத்திருந்தாள்.

வையாபுரி ‘எலும்பு ஒட்ட’ என்று எழுதி முத்திரை குத்தினார். பாவாயி மூன்று முட்டையை ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிரித்து ஊற்றினாள். மூன்று மஞ்சளும் முழுசாக மேசைமேல் நின்றன.

“எனக்கு?” என்றார் வையாபுரி.

“உங்களுக்கும் கை இருக்குதில்ல.”

அதிகாரிகள் வரிசையாக மேசைக்கு வந்து முட்டை உடைக்க முயன்றார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் உடைந்தது. பூச்சில்லாத முகத்தில் அந்த ஏமாற்றமும் தெரிந்தது. அத்தாயி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

மணி நாலு முப்பத்தைந்து. கால் இன்னும் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றது. சுவரே விழுந்த பிறகும் கதவு மட்டும் நின்றதால் அதற்கு வேலை இருந்தது.

“வாங்க, போலாம்” என்றாள் பாவாயி.

கால் அசையவில்லை. கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தது போலிருக்கிறது. பாவாயிக்கு இன்று கெஞ்சிக் கெஞ்சி அலுத்துவிட்டது. கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கூடையில் போட்டாள். பின்னால் பதிவறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை கால் கூடையை உதைத்துக்கொண்டே வந்தது. ஒரு கையில் அதையும் மறுகையில் டம்ளரையும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். எவனும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

நாலு ஐம்பதுக்கு வீட்டுக்குள் நுழைந்தாள்.

“சாப்பிட்டியா புள்ள?” என்றான் அங்கப்பன்.

காலையிலிருந்து அவளை யாரும் கேட்காத கேள்வி அது. அவள் டம்ளரை வைத்தியரிடம் நீட்டினாள்.

ராக்கியண்ணன் வெள்ளையில் உளுத்தமாவைக் கொட்டி விரலால் அடித்துக் குழைத்தார். முறிந்த இடத்தில் தடவினார். துணியைச் சுற்றினார். தப்பை வைத்துக் கட்டினார்.

“காயற வரைக்கும் ரெண்டு பக்கமும் நீங்கதான் புடிக்கணும். நமக்குன்னு இருக்கற கைதான் ஆவும். ஆனா ஆடக் கூடாது. ஆடுனா ஒட்டாது.”

பாவாயி பிடித்தாள். கை ஆடியது. தோளிலிருந்து விரல் நுனிவரைக்கும் உதறியது.

“கோவத்த எறக்கி வெச்சுட்டுப் புடிங்கம்மா.”

“எறக்கி வெக்க மாட்டேன்.”

“அஞ்சாகப் போவுது.”

“ஆவட்டும். இது என்ற கோவம். இதையும் அவனுங்களுக்கு விட்டுக் குடுக்கறதா?”

ராக்கியண்ணன் அவளைப் பார்த்தார். அவர் வைத்தியத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

“செரி. ஆடாமக் கோவப்படுங்க.”

அவளுக்கு அது புதிதாக இருந்தது. இதுவரை கோபப்பட்டபோதெல்லாம் ஒன்று நடுங்கியிருக்கிறாள், இல்லையென்றால் விழுங்கியிருக்கிறாள். கண்ணை மூடாமல் ஒவ்வொன்றாக நினைத்தாள். சிவப்பு மைக்கோட்டை நினைத்தாள். ஆறிப்போன டீயை நினைத்தாள். எந்தக் கை என்று கேட்டவனை நினைத்தாள். காலைலயே சொல்லியிருக்கக் கூடாதா என்பதை நினைத்தாள். அதை இன்னொரு முறை நினைத்தாள். நினைக்க நினைக்கக் கை நின்றது. முட்டை உடைக்கும் மேசையில் இருக்கிற மாதிரி ஆடாமல் நின்றது.

ஐந்து மணி அடித்தது. அவள் கைக்குள் கால் ஒரு முறை பலமாக உந்தியது. அவள் விடவில்லை. பிறகு அது உந்தவில்லை.

ஐந்தே காலுக்கு அங்கப்பன் முகத்தைச் சுளித்தான்.

“கட்டவெரலு அரிக்குது” என்றான்.

“எந்தக் கால்ல?”

“வலதுல. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.”

“அரிக்கட்டும்” என்றாள் பாவாயி. பிடித்த கையை எடுக்கவில்லை.